பாடு என்கிற சொல்

"ஹலோ... ஆங், சத்யா... சொல்லு... ஆமா, தெரியும். அறுபத்தேழு மணி நேரம். நானும் எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்... இல்ல, சீட்ல இல்ல. படிக்கட்டுக்கு வந்துட்டேன். நீ பேசு."

நஸ்லின் புஸ்ஸி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்குக் காலாப்பட்டுக் குப்பத்திலிருந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போன சரத்குமார் இன்னும் கரைக்கு வரவில்லை. பேசுவது அவன் மனைவி சத்யப்பிரியா. கல்லூரியில் மூன்று வருஷமும் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

"ஏதாவது சாப்ட்டியா?... ஒரு வாய் கஞ்சியாவது குடி டி. பாப்பாவுக்குப் பால் குடுக்கணும்ல... ம்... ம்... பலராமன் சித்தப்பா என்னா சொல்றாரு, வாயத் தொறந்தாரா?... ஆமா... போட்டு கவுந்ததும் ஆளுக்கொரு கேனப் புடிச்சிக்கிட்டு... அதுக்கப்புறம் பாக்கலியா... சரி. சரி சத்யா. அவரத் திரும்பத் திரும்பக் கேக்காத."

பலராமன் சரத்தின் சித்தப்பா. அதே போட்டில் போனவர். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கடலூர்ப் பக்கத்துப் போட்டு ஒன்று அவரை நீரிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து விட்டது. அன்றிலிருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார்.

"கோஸ்ட் கார்டு போட்டு இன்னிக்கும் போயிருக்குன்னு அத்தா விசாரிச்சிட்டு வந்து சொன்னாரு... ம்... துஆ செஞ்சிக்கிட்டேதான் இருக்கோம்... என்னா?... அவரு போனா? உன் கையிலயா இருக்கு?"

நஸ்லின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் போனைப் பற்றிய கேள்வி வரும் என்று நேற்று மதியத்திலிருந்து அவளுக்குத் தெரியும். கீழ்ப்படியில் யாரோ ஈரத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எத்தன மணிக்கு வந்திருக்கு?... ஒன்னு அம்பத்திரண்டா... படி... 'அலை ஏறுது, யாரும் போவாதீங்க'... ம். உங்க குப்பத்து வெற்றிவேல் செஞ்ச ஆப்புதான் அது... சத்யா, இரு. அழுதுக்கிட்டே சொல்லாத. எனக்கு ஒன்னும் புரியல."

புரியாமல் இல்லை. மூன்று நாளாக அந்த வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்குக் குழந்தை தூங்கியது. சத்யா சரத்தின் போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுச் சார்ஜில் வைத்தாள். சரத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சரிக்கை வந்தபோது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். முப்பத்தெட்டு நிமிஷம் கழித்துப் போட்டைத் தள்ளினான். விடியற்காலையில் போன மற்றவர்கள் அதற்குள் திரும்பி வந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். கரையில் தடுத்துச் சொல்ல ஆளில்லை, பலராமனிடம் போனும் இல்லை. போன் அப்போதும் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ சைலன்ட் போட்டதால இல்ல... கேளு... இல்லன்னு சொல்றேன்ல... ஐப்பசி மழையில என்னா ஆச்சு? அன்னிக்கும் சைலன்ட்லதான இருந்துச்சு?... ஆமா... அலறுச்சுல்ல? பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துச்சுன்னு நீயேதான சொன்ன... அதான். அந்த ஆப்பு சைலன்டையும் மீறி அலறும். அதுக்குத்தான் அது... அப்ப இந்தத் தடவ ஏன் அலறலன்னா..."

அவள் நிறுத்தினாள். கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"பாக்கலாம். அவரு போனத் தொற... நம்பர் தெரியும்ல... ம். கீழேருந்து மேல தள்ளு. கட்டம் கட்டமா வருதா?... ஆமா, முன்னாடி அப்படி இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போனே கேட்டிருக்கும், ஆப்பெல்லாம் நானே அடுக்கித் தரட்டுமான்னு. அவரு சரின்னிருப்பாரு... தப்பில்ல. எல்லாரும்தான் சரின்னுவாங்க."

அந்த அடுக்குகிற வேலையைத்தான் நஸ்லினின் அலுவலகம் ஒரு போன் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறது. சத்யாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். அடுக்குவது இயந்திரம். அது எந்த ஆப்பையும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆப்பின் பெயரைப் பார்க்கும். செய்தவர் அதைப் பற்றி எழுதிய நாலு வரியைப் பார்க்கும். போனில் அது எதையெல்லாம் கேட்கிறது என்று பார்க்கும்: மைக்கா, படமா, இருக்கும் இடமா. ஏற்கெனவே மனிதர்கள் வகை பிரித்துக் கொடுத்த லட்சம் ஆப்புகளோடு இதை ஒப்பிட்டு, இது இந்த வகையாக இருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஓர் எண் சொல்லும். வகை முடிவாகிவிட்டால் அந்த வகைக்கு உள்ள விதிகளெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வானிலை ஆப்பு சைலன்ட்டிலும் வாயைத் திறக்கலாம். பாட்டு ஆப்பு திறக்கக் கூடாது.

"வானிலைன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு... உள்ள என்னா இருக்கு?... அது மட்டும்தானா. சரி. 'பயன்பாடு'ன்னு ஒன்னு இருக்கும்... அதுலயும் இல்லியா... செய்தி?... ம்."

அவற்றில் எதிலும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். சத்யா தேடிக்கொண்டிருக்கும்வரை அடுத்த கேள்வி வராது. ஆனால் கட்டங்கள் பத்துதான்.

"பாட்டுன்னு இருக்குல்ல... ஆமா, பாட்டுதான். தொறந்து பாரேன்... சினிமாப் பாட்டு ரெண்டு... மூணாவதா?... ஆமா. பாடு. அதான், அதேதான்."

குப்பத்தில் வலையில் விழும் மீனுக்குப் பாடு என்று பெயர். கரைக்கு வருகிறவனைப் பார்த்து யாரும் நலம் விசாரிப்பதில்லை, பாடு எப்படி என்றுதான் கேட்பார்கள். அங்கேயே பிறந்து பொறியியல் படித்த வெற்றிவேல், தன் ஆப்புக்கு அந்தப் பெயரையே வைத்தான். 'இன்னிக்குப் பாடு எப்படி? கெளம்புறதுக்கு முன்னாடி நம்ம குரலக் கேளுங்க' என்று அதன் கீழே எழுதினான். கரையில் இருப்பவர்களும் எச்சரிக்கையைப் பேசி அனுப்பலாம் என்பதால் மைக்கைக் கேட்டான். பாடு, குரல், கேளுங்க, மைக். இயந்திரம் இது பாட்டு என்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"மெஷின் தப்பா போட்டுடுச்சு சத்யா. பாடுன்னா பாட்டுன்னு நெனச்சிடுச்சு. பாட்டு ஆப்ப சைலன்ட்ல அலற விடாது. அதான் அலறல... ஆமா... ஆமா டி, நெசமாத்தான். நீ ஒன்னும் பண்ணல... ம். அழு. பரவால்ல, அழுதுடு."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாதிதான் இருந்தது. நேற்று மதியம், சந்தேகம் தட்டி, அலுவலகப் பதிவைத் திறந்து பார்த்தபோது மீதிப் பாதியும் அங்கே இருந்தது. இயந்திரம் சொன்ன வகை: பாட்டு. சரிபார்த்தவர் முடிவு: சரி. எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு விநாடி. சரிபார்த்தவர் எண்: இருநூற்றுப் பதினேழு. அந்த எண் யாருடையது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய எண்தான். மேலாளர் செல்வகுமாரிடம் போய்ச் சொன்னாள். அவர் உடனே அந்த ஆப்பை வானிலைக்கு மாற்றினார்; அந்த மாற்றம் போன்களுக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் ஆகும். இது மெஷின் தப்பு, வெளியே யாரிடமும் பேச வேண்டாம் என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"ஹலோ... சத்யா?... யாரு?... அம்மா... நஸ்லின்தாம்மா. சத்யாகூடப் படிச்சவ... ஆமாம்மா, கல்யாணத்துக்கு வந்திருந்தேன்."

சரத்தின் அம்மா தனம் போனை வாங்கியிருந்தாள். நஸ்லின் படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"இல்லம்மா, அவ பாட்டு கேக்கல... பாட்டுன்னா அந்தப் பாட்டு இல்லம்மா. அந்த ஆப்பு போயி பாட்டு இருக்குற எடத்துல... இல்ல, அவ கொண்டுபோயி வைக்கல... சத்தியமா இல்லம்மா... அது தானா மாறுனது."

சத்யாவைக் காப்பாற்றச் சொன்ன ஒரு சொல் அங்கே அவள் மேலேயே விழுந்திருந்தது. தனத்தின் காதில் ஏறியது பாட்டு என்பது மட்டும்தான். மருமகள் பாட்டு கேட்பதற்காகப் புருஷன் போனை நோண்டி, எச்சரிக்கையின் வாயைப் பொத்திவிட்டாள் என்றே அவள் புரிந்துகொண்டாள். நஸ்லின் இன்னொரு முறை விளக்கினாள். பெயரைப் பார்த்து இயந்திரம் ஏமாந்த கதையை, தன்னால் முடிந்த எளிய வார்த்தைகளில், மெதுவாகச் சொன்னாள்.

"ஆமாம்மா... மெஷினுக்குக் கை இல்லதான்... ம்... ம்... ஆமாம்மா. யாராவது கை வச்சாதான் மாறும்."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. ஏதோ பாத்திரம் உருண்டது.

"சத்யா... அம்மா இப்ப என்னா சொன்னாங்க?... பாப்பாவத் தூக்கிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்கா?... இன்னிக்கேவா?... எல்லாரும் இருக்கையிலயா சொன்னாங்க... யாரும் ஒன்னும் கேக்கலியா... ம்."

சத்யா குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே இருந்தாள். அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், காற்றின் இரைச்சல் போனில் புகுந்தது. நஸ்லின் ம் கொட்டினாள்.

"...ஆமா. நெனவிருக்கு... மறுவீட்டு விருந்துல... வாசல்ல யாரோ அவரப் பாத்து பாடு எப்படின்னாங்க. மாப்பிள்ளயப் பாடச் சொல்றாங்கன்னு நெனச்சி நான் கை தட்ட ரெடியா உக்காந்திருந்தேன்... ஆமா, அத்தன பேரும் சிரிச்சீங்க. நீதான் ரொம்ப... அவரு சிரிக்கல. பக்கத்துல வந்து, தங்கச்சி, வலயில விழுந்தா பாடு, வாயில வந்தா பாட்டுன்னு சொல்லிக் குடுத்தாரு... ஆமா. அப்படித்தான் சொன்னாரு."

சத்யா இதை நஸ்லினைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. மனுஷியான உனக்கே அன்று தெரியவில்லையே, மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்ளத்தான் சொன்னாள். ஆனால் அவள் இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள். ஒரு கணக்கு விடை வந்த பிறகும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும்.

"என்னா கேட்ட?... மெஷின் சொன்னா அப்படியே போட்டுடுவாங்களான்னா... இல்ல. ஒரு ஆளு பாக்கும்... மனுஷ ஆளுதான்... தமிழ் தெரிஞ்ச ஆளுதான். சரி, தப்புன்னு ரெண்டு பட்டன் இருக்கும்... ஒரு நாளைக்கு அறுநூறு வரும் சத்யா... ம்... பாத்தாங்க. அதையும் பாத்தாங்க... யாருன்னா..."

மேலே கண்ணாடிக் கதவு திறந்தது. செல்வகுமார் தலையை நீட்டி, கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

"சத்யா, நான் ஒன்னு சொல்றேன், செய்யி. உள்ள போ. போன ஸ்பீக்கர்ல போடு... போடேன். அம்மா இருக்காங்கல்ல?... சித்தப்பாவும் கேக்கணும். வாசல்ல இருக்குறவங்கள உள்ள வரச் சொல்லு... எதுக்குன்னு கேக்காத டி."

கல்லூரியில் நஸ்லினின் செமினார்களை எழுந்து நின்று படித்தது சத்யாதான். பத்துப் பேர் முன்னால் நஸ்லினுக்கு நாக்கு எழாது. இப்போது போனில் சத்தம் அகன்று, ஒரு அறையின் அளவுக்கு விரிந்தது. மின்விசிறி ஓடியது. குழந்தை எதையோ தட்டியது. யாரோ பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு எல்லாச் சத்தமும் நின்று, அங்கே இருந்தவர்கள் காத்திருப்பது தெரிந்தது.

"அம்மா... நஸ்லின் பேசுறேன்... கேக்குதாம்மா?... சத்யாவ எங்கயும் அனுப்பாதீங்க. அவ எத்தன தடவ சைலன்ட் போட்டிருந்தாலும் அந்த ஆப்பு அலறியிருக்கும். அது பாட்டு இல்ல, கடல் சமாச்சாரம்னு ஒரு ஆளு பாத்து மாத்தியிருக்கணும். மாத்தல. நாலு செகண்டு பாத்துட்டு, பாட்டுதான், சரின்னு அமுக்கிட்டாங்க... யாருன்னு சொல்றேம்மா. பாடுன்னா என்னான்னு தெரியாத ஆளு இல்ல அது. உங்க புள்ளயே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்த ஆளு... நான்தாம்மா. நான்தான் அமுக்குனேன்."