பன்னிரண்டாம் வரியில் எழுதிய பெயர்

பேசச் சொன்னால் எனக்குக் குரல் எழும்பாது என்பதால், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு இதை எழுதுகிறேன். நிலைய அதிகாரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் கலைச்செல்வி. வயது இருபத்து மூன்று. தகப்பனார் பெயர் வீரமணி. செஞ்சி வட்டம் வல்லத்தில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சென்ற மாதம் தலைவர் நாகம்மாளின் கப்பலுக்கு ஆள்பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்தேன். இந்த வழக்கில் உள்ள பட்டியல்தான் நான் எழுதிய முதல் பட்டியல்.

ஐப்பசியில் கடல் ஏறி செஞ்சி மலைகள் தீவுகளாகி நிற்கும் நான்கு மாதமும், பகையென்று அரசு அறிவித்த கப்பல்களைக் கொள்ளையடிக்க நாகம்மாளுக்கு அரசு உரிமம் உண்டு. உரிமம் உள்ள தலைவர் மீது வழக்கு கிடையாது. அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் மீதும் கிடையாது. ஆனால் பாய் ஏற்றுவதற்கு முன் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். பட்டியல் தாளில் பன்னிரண்டு வரிகள்தான் உண்டு.

புறப்படும் காலையில் ஒரே சட்டியிலிருந்து ஆளுக்கு ஓர் உருண்டை புளிச்சோறு கொடுப்பார்கள். அதைத் தின்றவர் பெயரைத்தான் எழுத வேண்டும். தின்னாதவர் பெயரை எழுதினால் கப்பல் திரும்பாது என்கிறார்கள். ஏன் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. சோறு பிடித்துக் கொடுக்கும் சமையல்காரர் பச்சைமுத்து கடைசியில் தின்பார். கடைசி வரி அவருடையது. இந்த விவரம் நான் பட்டியல் எழுதிய அன்று எனக்குத் தெரியாது.

பட்டியல் எழுதுபவர் துறையிலேயே நின்றுவிடுவதுதான் வழக்கம். கொள்ளை எப்படி நடக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. நாகம்மாளிடம் கேட்டேன். ஏறி ஓரமாக நிற்கும்படி சொன்னார். பதினோரு பெயர் எழுதிய பிறகு பச்சைமுத்து என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, எல்லாரையும் எழுதிட்டு நீ பட்டினியா நிக்கிற? இந்தா, சாப்டு" என்று உருண்டையை என் கையில் வைத்தார். தின்றேன். தின்றவர் பெயரை எழுத வேண்டுமே என்று பன்னிரண்டாம் வரியில் 'கலைச்செல்வி, பி.ஏ.' என்று எழுதினேன். அரசுத் தாளில் அப்படி எழுதிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு திரும்பிப் பார்த்தபோது, அவர் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலசி அதைக் குடித்துக்கொண்டிருந்தார். கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் பாய் ஏறிவிட்டது.

அதன் பிறகு நண்பகலில் சீயமங்கலம் பாறைக்கு அப்பால் ஒரு பகைக் கப்பலை மடக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. நாகம்மாள் சொன்னபடி பச்சைமுத்து அதிலிருந்து ஒரு புளி மூட்டையைத் தூக்கி வந்தார். வேறு எதையும் அவர் தொடவில்லை. நான் ஓரமாக நின்றேன்.

அதன் பிறகு துறையில் காவலர்கள் பெயரைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக இறங்கினோம். பச்சைமுத்து தலையில் மூட்டையோடு நின்றார். அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் நாகம்மாள் வீட்டுக்குப் போனேன். "பேர எழுதறது உன் வேல. பட்டியல்ல இல்லாதவனுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். கொள்ளையடிக்கச் சொன்னவர் வீட்டில் இருக்கிறார், சொன்னதைச் செய்தவர் உள்ளே இருக்கிறார், இது எந்த விதியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பாய் ஏறிய பிறகு பெயர் சேர்க்க முடியாது. ஆனால் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளில், பிழையாக எழுதிய பெயரை அடித்துவிட்டு அதே வரியில் சரியான பெயரை எழுதலாம், எழுதியவர் பிழையை ஒப்புக்கொண்டால் போதும் என்று இருக்கிறது.

நேற்று நிலையத்தில் பச்சைமுத்துவைப் பார்த்தேன். "இங்க சோத்துல உப்பே இல்ல பாப்பா. என்னிய ஆக்கச் சொன்னா தேவல" என்று சிரித்தார். உருண்டையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் அடிக்கப்பட்டவர் கப்பலில் இருந்திருந்தால் அவர் என்ன ஆவார் என்று அதிகாரியைக் கேட்டேன். வழக்கு அவர் மீது வரும், மூன்று வருடம் வரை கிடைக்கலாம் என்றார். வீட்டில் என் நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதில் உள்ளவை நான் பார்த்ததும் செய்ததும்தான். யாரும் சொல்லி எழுதவில்லை. படித்துப் பார்த்தே கையெழுத்திடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வரியில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு, அங்கே பச்சைமுத்து என்று எழுத என்னை அனுமதிக்க வேண்டும். அந்த உருண்டை அவருடையது.

(ஒப்பம்)
கலைச்செல்வி