சனிக்கிழமை யார் வீட்டில்

சொர்ணம்: எங்க வீட்டுக் காப்பி பிடிக்கலையாக்கும்? ஆறிப்போச்சு பாரு.

யோகேஸ்வரி: குடிக்கேன் மதினி. ஆர்த்தி...

சொர்ணம்: பள்ளிக்கூடத்துல. இன்னைக்குப் புதன்கிழமைல்லா? உன் முறை சனிக்கிழமைதானே, அதுக்குள்ள விருதுநகர்ல இருந்து சிவகாசிக்கு என்ன ஓட்டம்?

யோகேஸ்வரி: அவளைப் பாக்க வரல. உங்களைப் பாக்கத்தான்...

சொர்ணம்: என்னையவா! என் தம்பியோட வெட்டிக்கிட்டுப் போய் ரெண்டு வருசமாச்சு. இப்பத்தான் இந்த மதினி கண்ணுல தட்டுப்பட்டாளோ?

யோகேஸ்வரி: கேலி பண்ணாதீக.

சொர்ணம்: உன் வீட்டுக்குப் போயிட்டு வந்தா நான் வச்ச சோறு இறங்க மாட்டேங்கு உன் மகளுக்கு. "அம்மா தோசையை நட்சத்திரமா ஊத்தும்"ங்கா. நானும் ஊத்திப் பாத்தேன். "இது நண்டு அத்தை"ன்னு சிரிக்கா.

யோகேஸ்வரி: நண்டா...

சொர்ணம்: சிரி, நல்லாச் சிரி! தீபாவளிக்குப் பெட்டி பெட்டியா மத்தாப்பு வாங்கிக் குமிச்சேன். ஒண்ணைக் கொளுத்தணுமே... "அம்மா இருந்தா கையைப் பிடிச்சுக்கிடும்"னு நிக்கா. ஏன், எனக்குக் கை இல்லையா?

யோகேஸ்வரி: எனக்கு மட்டும் என்னவாம்? தலை சீவப் போனா சீப்பைப் பிடுங்குதா. "அத்தை சீவுனா வலிக்காது"ங்கா. உங்க எண்ணெய் வாசம்தான் வீடு பூரா. போன தடவை ரெண்டு தரம் சீயக்காய் போட்டு அலசி விட்டேன்.

சொர்ணம்: அடிப்பாவி! அதான் முடி நார் மாதிரி கிடந்துச்சா?

யோகேஸ்வரி: மதினி... இந்தச் சனி ஞாயிறு ஏற்பாட்டை மாத்தணும்.

சொர்ணம்: வந்தியா வழிக்கு! அரைப்பரீட்சை லீவு முழுக்க அங்கன அனுப்பணும், அதானே? முடியாது. காலண்டர் சீசன்ல தம்பி பிரஸ்ஸே கதின்னு கிடக்கான். அவன் தலையாட்டினாலும் நான் விடமாட்டேன்.

யோகேஸ்வரி: கூட்டச் சொல்லல மதினி. குறைக்கணும்.

சொர்ணம்: ...என்னது?

யோகேஸ்வரி: எனக்குத் தூக்கம் போச்சு. பேச்சு கூடிப்போச்சு. மனசு சரியில்லைன்னு ஆஸ்பத்திரியில சேத்தீகளே... அதுக்கு முந்தியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மதுரை டாக்டர் மாத்திரையை மாத்தியிருக்காரு. அது பிடிக்கிற வரைக்கும் அவ எங்கூடத் தனியாத் தங்க வேண்டாம்.

சொர்ணம்: ஏத்தா... புள்ளைய ஏதும்...

யோகேஸ்வரி: அடிக்கல, வையல. போன சனிக்கிழமை திடீர்னு பஸ் ஏறி சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஒரு சாக்கு வெள்ளரிக்காய் வாங்கினேன். எதுக்குன்னு இப்பக் கேட்டாலும் தெரியல. நல்ல மழை. அவ நனைஞ்சுக்கிட்டே சாக்கோட ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்குதா...

சொர்ணம்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ!

யோகேஸ்வரி: சொல்ல மாட்டா. "அத்தைக்குத் தெரிய வேண்டாம்மா, நானும் சொல்ல மாட்டேன்"ன்னா. எட்டு வயசு மதினி. எனக்காக மறைக்கப் படிச்சுட்டா. அதைத்தான் தாங்க முடியல.

சொர்ணம்: தம்பிகிட்டச் சொல்லிட்டியா?

யோகேஸ்வரி: சொன்னா ஒரேயடியா நிப்பாட்டிருவாக. அதான் உங்ககிட்ட வந்தேன். சனிக்கிழமை நான் இங்கன வாரேன். நீங்க பக்கத்துல உக்காந்திருங்க. பொழுதடையப் போயிருதேன்.

சொர்ணம்: உன்னைக் கண்டா எனக்கு வயிறு எரியும்னு தெரிஞ்சுமா எங்கிட்ட வந்த?

யோகேஸ்வரி: எனக்கும் உங்களைக் கண்டா எரியத்தான் செய்யுது. ஆனா, அவ நனைஞ்சு வந்தா தலை துவட்ட உங்களை விட்டா யாரு இருக்கா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க மதினி.

சொர்ணம்: நாளைக்கு வக்கீலைப் பாக்கப் போறதா இருந்தேன். உன் வீட்டுக்குப் போகப் புள்ளை நடுங்குதுன்னு சொல்ல. தம்பியையும் அப்படித்தான் நம்ப வச்சிருக்கேன். எங்க நடுங்குனா? சனிக்கிழமை விடியுமுன்னால பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கா, மூதேவி... வக்கீலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தம்பிகிட்ட நானே பேசுதேன். நீ வா. ஆனா பக்கத்துல மட்டும் உக்காரச் சொல்லாத யோகா. அவ உன் மடியில கிடக்கிறதை என்னால பாக்க முடியாது. அடுப்படியில நிக்கேன்... காதை இங்கன வச்சுக்கிடுதேன்.