நல்ல தண்ணீர் ஊற்றிய பாத்தி

தக்காளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றுதானே கேட்டீர்கள், மிஸ். ஒரு தரம், காலையில் மட்டும். ஆனால் உங்கள் படிவத்தில் இரண்டு இனம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் வெட்டுங்கள். கிணற்றடியில் முழங்கால் உயரத்தில் இலை சுருண்டு நிற்பதும், குசினிக்குப் பின்னால் என் நெஞ்சளவுக்கு வளர்ந்து நிற்பதும் ஒரே பழத்தின் விதை. விவசாயப் போதனாசிரியர் நீங்கள், படித்தவர். நீங்களே ஏமாந்தால் என் உம்மா ஏமாந்ததில் என்ன புதுமை.

உங்கள் பாப்பாமோட்டையில் வயல் மண். எங்கள் தீவில் மணல், கிணற்றில் உவர்த் தண்ணீர். உவரும் முழு வெயிலும் பட்டால் இந்தத் தக்காளி உயராது. இலை தடித்து உள்ளே மடங்கும். பழம் எலுமிச்சங்காய் அளவில், காம்படியில் கரும்பச்சையாக, ஐந்து மடிப்பு ஆழமாக விழுந்து பழுக்கும். அதே விதையை நிழலில் நட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, யூரியாவும் போட்டுப் பாருங்கள். தண்டு நீளும், இலை வெளிறி விரியும், பழம் ஊதி மடிப்பெல்லாம் நிரம்பிவிடும். வாயில் வைத்தால் ருசியே இருக்காது.

எனக்கு இது தற்செயலாகத் தெரிந்தது. தண்ணீர்த் தாங்கி ஒழுகிய இடத்தில் தானாக முளைத்த ஒன்று காட்டிக்கொடுத்தது. உம்மா அதைக் காணவில்லை. முழங்கால் வாதம் வந்து, கதிரையை விட்டு அவர் எழும்பிப் பல வருடம். அதற்கு முன் புத்தளத்து அகதி முகாமில் இருந்தோம், அங்கேயும் உவர்த் தரைதான். தன் தக்காளியை வேறு கோலத்தில் உம்மா வாழ்நாளில் கண்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய இயக்கம் எங்கள் முஸ்லிம் சனத்தையெல்லாம் இந்தத் தீவில் இருந்து வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது, தங்கச்சி இர்ஷானாவுக்கு நாலு. வாப்பா அதற்கு முந்திய வருடமே மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். கொண்டுபோக விட்டது கொஞ்சம்தான். உம்மா தக்காளி விதையைச் சாம்பலில் புரட்டி, பழைய சாரத் துண்டில் ஒட்டிக் காயவைப்பார். அந்தத் துண்டை இரண்டாகக் கிழித்து, எங்கள் இரண்டு பேருடைய சட்டை மடிப்பிலும் வைத்துத் தைத்தார். பிறகு வள்ளத்தில் ஏறினோம். கற்பிட்டிக் கரையில் சனக்கூட்டம் இழுத்ததில் தங்கச்சியின் கை என் கையை விட்டுப் போய்விட்டது. அப்படித்தான் உம்மாவிடம் சொன்னேன்.

அதன்பின் ஒவ்வொரு பெருநாளைக்கும் உம்மா இரண்டு சட்டை வாங்குவார். எனக்கு ஒன்று, அலுமாரிக்குள் வைக்க ஒன்று. என்னை நிற்கவைத்துத்தான் அளவு பார்ப்பார், நாலு விரல் குறைத்து. முப்பத்தைந்து வருடம், மிஸ். சமைத்துப் போட்டது நான், கால் பிடித்துவிட்டது நான், மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான். எனக்கும் கலியாணம் பேசி வந்தார்கள், உம்மாவை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

போன வருடம் தை மாதம் றிம்ஷா வந்தாள். வெலிமடையில் மரக்கறித் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவள். கருவாடு வாங்கக் கற்பிட்டிக்குப் போன அந்த மனிதர் கரையில் கண்டெடுத்த பிள்ளையாம். சட்டை மடிப்பில் விதை இருந்ததாம். துணியோடு சேர்த்தே மண்ணில் புதைத்து, வருடா வருடம் விதை எடுத்துப் போட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாத வீடு. உண்மையைச் சாகும்போதுதான் சொன்னார்கள். கையில் ஒரு போத்தல் விதையும், மலைநாட்டில் காய்த்த பழத்தின் படமும் கொண்டுவந்தாள். படத்தில் இருந்த பழம் பெரியது, வெளிறியது. உம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

இரத்தம் சோதிப்போம் என்று றிம்ஷாதான் கேட்டாள். உம்மா விடவில்லை. “என்ட பிள்ளைக்கு ஊசி குத்தியோ நான் சாட்சி கேக்கிறது? விதையைப் போடுங்கோ. நம்மட மண்ணில நம்மட மாதிரி காய்ச்சா அவ என்ட மகள்” என்றார். சரியான சோதனைதான். நம்மட மண்ணில் வைத்திருந்தால் மூன்று மாதத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

அன்று மாலை அவள் குசினிக்குள் வந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தந்தாள். இடது கையால் உரித்தாள், இர்ஷானாவும் இடது கைக்காரி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

“ராத்தா, எனக்கு ஒண்டு மட்டும் ஞாபகம் இருக்கு,” என்று அக்கா முறை வைத்தே பேசினாள். “வலை நாத்தம். ஒரு சின்னப் பிள்ளை என்னை இருத்திப்போட்டு, ‘இங்க இரு, வாறன்’ எண்டு சொல்லிச்சு. அது நீங்களா? உம்மாட்ட இன்னும் கேக்கல்ல.”

வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, எனக்கு நினைவில்லை என்றேன்.

அவள் விதை போத்தலை என்னிடம் தந்துவிட்டு வெலிமடைக்குப் போனாள். உம்மாவின் விதையைக் கிணற்றடியில் போட்டேன். அவளுடையதைக் குசினிக்குப் பின்னால், தென்னை நிழலில். அவளுடைய செடிக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நாங்கள் குடிப்பதற்குப் பிளாஸ்டிக் கானில் காசுக்கு வாங்கும் நல்ல தண்ணீரை ஊற்றினேன். யூரியா போட்டேன், கம்பு நட்டுக் கட்டினேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். முன்வாசலில் இருந்த உம்மாவிடம், இரண்டும் கிணற்றடியில்தான் நிற்கிறது என்று சொன்னேன்.

சித்திரையில் றிம்ஷா வந்தாள். ஒரு தட்டில் இரண்டு பழத்தையும் இரண்டு கொப்பையும் வைத்து உம்மாவின் மடியில் கொடுத்தேன். உம்மா இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்தார். றிம்ஷாவின் பழத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “இது நம்மட இல்ல, மகள்” என்றார். யாரைப் பார்த்து மகள் என்றார் என்று தெரியவில்லை. றிம்ஷா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். உம்மா அவளுடைய தலையைத் தடவினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

முருங்கன் பக்கம் போகும் பஸ்ஸில் நான்தான் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்குள்ளால் என் கையைப் பிடித்திருந்தாள். “நீங்க அங்க இருங்கோ. உம்மாட மனம் இளகினா நான் கூப்பிடுறன்” என்றேன். சரி ராத்தா என்றாள்.

உம்மா ஆனி மாதம் மவுத்தானார். கடைசி இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை நம்மட பிள்ளையாக இருந்திருந்தால் நல்லாக இருந்திருக்கும் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் நெற்றியில் ஈரத் துணி போட்டேன். அலுமாரியில் இருந்த சட்டைகளை இன்னும் எடுக்கவில்லை. கடைசியாக வாங்கியதை ஒருநாள் போட்டுப் பார்த்தேன், எனக்கு நாலு விரல் குட்டை.

இந்தப் போகத்தில் அவளுடைய விதையையே இரண்டு பாத்தியிலும் போட்டேன். கிணற்றடியில் வந்திருப்பதைப் பார்த்தீர்கள்தானே. ஐந்து மடிப்பு, கரும்பச்சைக் காம்படி, அச்சொட்டாக உம்மாவுடைய தக்காளி. வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

கை விட்டுப் போகவில்லை, மிஸ். வீட்டில் இருந்து அவளை நான்தான் இடுப்பில் தூக்கி வந்தேன், தோள் இற்றுப்போயிருந்தது. கரையில் ஒரு வலைக்குவியலுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, தின்னப் பாண் வாங்கப் போனேன். உம்மா மயக்கத்தில் கிடந்தார், அவரை லொறியில் ஏற்றினார்கள், நானும் ஏறினேன். தங்கச்சி மாமியோடு முன் லொறியில் போகிறாள் என்று ஏற்றியவர்களிடம் சொன்னேன். லொறி நகரும்போது அவளைப் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில் அசையாமல் இருந்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் லொறியை நிறுத்தியிருப்பார்கள். உம்மாவின் மடி காலியாக இருந்தது, நான் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

அந்தக் கைபேசி அடிப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். இன்று வெள்ளிக்கிழமை, அவள்தான். உம்மா போன இந்த எட்டு மாதமும் ஒவ்வொரு வெள்ளியும் அழைப்பு எடுப்பாள். உம்மா நித்திரை, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ என்று சொல்லுவேன். கோபப்பட மாட்டாள். இரு என்று சொன்னால் இருக்கிற பிள்ளை அவள்.