போட்ட கையோடு எடுக்கச் சொன்ன செவ்வந்தி அம்மையாருக்கு

பள்ளி வாசலிலும் பட்டறை வாசலிலும் பையோடு நின்ற பண்பாளரே! முகவராக நுழைந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து, கிணத்துக்கடவுச் சிக்கன சேமிப்புச் சங்கக் கிளையின் வைப்புப் பிரிவைத் தாங்கிய தாயே! வணக்கம்.

உங்கள் நேரந்தவறாமையையும் நேர்மையையும் ஊரே சொல்லும். நாங்கள் சொல்ல வந்தது, எங்களை இத்தனை ஆண்டுகள் குடைந்த ஒரு கேள்வியை.

நூறு ரூபாய் கட்டிப் புதுக்கணக்குத் தொடங்குவோரை, அங்கேயே பத்து ரூபாய் திரும்ப எடுக்கச் சொல்வீர்களே, ஏன்? பள்ளிப் பிள்ளைகள் ஐந்து ரூபாய் போட்டாலும் ஒரு ரூபாயை உடனே கையில் கொடுப்பீர்கள். பணம் சேர்க்கப் போனவர் பணம் கொடுத்துவிட்டு வருகிறாரே என்று மேலாளர் அழகிரிசாமி தலையில் அடித்துக்கொள்வார். ஒரு கணக்குக்குப் போட ஒன்று, எடுக்க ஒன்று என இரண்டு சீட்டு எழுதி எங்களுக்குக் கை ஓய்ந்துபோகும். உங்களை மனதுக்குள் வைதும் இருக்கிறோம், அம்மா! மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டீர்கள் என்றார் ஒருவர். ஜோசியர் சொன்னதென்றார் இன்னொருவர். கேட்டால் சிரிப்பீர்கள்.

மார்ச்சுக்குள் நூறு புதுக்கணக்குச் சேராவிட்டால் கிளையை மூடிச் சரவணம்பட்டிக் கிளையோடு இணைப்பதாகத் தலைமையகம் எழுதிய ஆண்டை மறப்போமா? கயிறு ஆலை முதலாளி கிருபாசங்கர் சம்பளத்திலேயே பிடித்துத் தர இசைந்தார். தொழிலாளர்களோ இசையவில்லை. ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் பணம் கட்டி ஏமாந்த சூடு அவர்களுக்கு ஆறவில்லை.

சம்பள நாளில் ஆலை வாசலில் மேசை போட்டீர்கள். முதலில் வந்த தொழிலாளி மாசாணியம்மாள் நூறு ரூபாய் கட்டினார். வழக்கம்போல் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்கச் சொல்லி, கேட்டதும் கொடுத்தீர்கள். அந்தத் தாளை அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேலேயே வைத்தார்.

“கேட்டா வருதுங்களே! இதையும் சேத்துப் போட்டுக்குங்க, அம்மணி.”

அன்று நூற்று முப்பத்தேழு பேர் வரிசையில் நின்றார்கள். கிளை பிழைத்தது. அடுத்த மாதம் முதல் அழகிரிசாமியே எல்லா முகவர்களையும் உங்கள் வழக்கத்தைக் கைக்கொள்ளச் சொன்னார்.

ஆனாலும் அதை எங்கே கற்றீர்கள் என்பது தெரியவில்லை. போன திங்கட்கிழமை, ஓய்வு பெறுமுன் நீங்கள் மேசையைக் காலி செய்கையில், புதிதாய்ச் சேர்ந்த கயல்விழி கேட்டேவிட்டாள். இழுப்பறையைத் துடைத்தபடியே சொன்னீர்கள்.

“அஞ்சாவது படிக்கையில பள்ளிக்கூடத்துல வாராவாரம் காசு போட்டேன், கண்ணு. பதினோரு ரூவா சேந்துச்சு. கேக்கறப்பெல்லாம் நாளைக்குன்னாங்க. அது இன்னும் வரலை.”

எத்தனை பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையில் அந்த ஒரு ரூபாயை வைத்திருப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். வைதவர்களுக்கெல்லாம் வெட்கமாகிவிட்டது.

அன்புடையீர்! நோய் அண்டாமல், நூறு தாண்டி, பேரன் பேத்திகளின் உண்டியலையும் ஒரு கை பார்த்து, நீங்கள் நெடிது வாழ வேண்டும். உங்கள் கணக்கில் இன்று காலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பணம் கட்டியிருக்கிறோம். அதிலிருந்து பதினோரு ரூபாய் எடுக்கச் சீட்டு நிரப்பி இம்மடலோடு வைத்திருக்கிறோம். கையொப்பம் மட்டும் பாக்கி. காசாளர் எழில் சில்லறையோடு நிற்கிறார்.

மாலையும் பொன்னாடையும் பிறகு ஆகட்டும். முதலில் அதை வாங்கி எண்ணிப் பாருங்கள், அம்மா.

என்றும் உங்கள் அன்பில்,
கிணத்துக்கடவுக் கிளை ஊழியர்கள், முகவர்கள்