ஷூ கடை வாசலில் ஒரு பச்சை யூட்

லீத்: ...பேச்சை அப்புறம் எழுது, முதல்ல வண்டியை எடு. பார்க்கிங் ஃபைன் போடற நோலீன் வந்துட்டா.

டூகல்: எங்க?

லீத்: தபாலாபீஸ்கிட்ட. சாக்பீஸும் கையுமா ஒவ்வொரு டயருக்கும் பொட்டு வெச்சுக்கிட்டு வர்றா.

டூகல்: இரு, இந்த ஒரு வரி. “கவுன்சில் உறுப்பினர்களே! எங்கள் தெருவுக்கு ஷூ வாங்க வருகிறவர், வண்டி நிறுத்த இடமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போகிறார்...” எப்படி?

லீத்: கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உன் யூட், அந்தப் பின்னாடி தொட்டி வெச்ச வண்டி, எங்க நிக்குது?

டூகல்: கடை வாசல்ல.

லீத்: எப்பலேர்ந்து?

டூகல்: காலையிலேர்ந்து.

லீத்: பதினோரு வருசமா, ராசா.

டூகல்: பொய் சொல்லாத. ரெண்டு மணி நேரம்தானே கணக்கு, அது முடியறப்பல்லாம் எடுத்துடறேன்ல?

லீத்: எடுத்து பக்கத்துல என் சலூன் வாசல்ல போடுற. என் வண்டியை நான் உன் வாசல்ல போடறேன். பொட்டு வெச்ச டயரு நகந்துடுச்சேன்னு நோலீனும் பேசாமப் போயிடறா. இதைத்தான் ராத்திரி மீட்டிங்ல நீ இடப் பற்றாக்குறைன்னு முழங்கப் போற.

டூகல்: பின்ன? மாலுக்கு அடியில எட்டு டாலர் கட்டி விடணுமா? கவுன்சில் பார்க்கிங்காம்! என் வயித்துல அடிச்சதே அந்த மால்தான். அந்தத் திக்குல தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.

லீத்: சரி, தெருவுல பார்க்கிங் மீட்டர் வைக்கட்டுமே.

டூகல்: மீட்டரா? மணிக்கு மூணு டாலர் கேட்டா எவன் வருவான்?

லீத்: இப்ப எவன் வர்றான்?

டூகல்: இன்னிக்கு வர்றாங்க. புல்தரையில பந்து உருட்டி ஆடுற பவுல்ஸ் கிளப் வால்மே. “ஷூ விஷயமா நேர்ல பேசணும்”னு போன் பண்ணாங்க. கிளப்புல அத்தனை பேருக்கும் புது வெள்ளை ஷூ! இந்த ஆர்டர் வந்தா கடை பொழைச்சுது. வரலேன்னா... குளிர் ஆரம்பிக்கறப்ப ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். என் பொண்டாட்டிகிட்டகூட இன்னும் சொல்லல.

லீத்: வால்மேயா? இன்னிக்கா?

டூகல்: ஏன், என்ன?

லீத்: ஒண்ணுமில்ல. போன் அடிக்குது பாரு.

டூகல்: ஹலோ, டூகல் ஷூஸ்!

வால்மே: நான் வால்மே பேசறேன்ப்பா. கார்ல உங்க தெருவைத்தான் சுத்திக்கிட்டே இருக்கேன். பிரதட்சணம் பண்ற மாதிரி. ஒரு இடம் காலியில்ல.

டூகல்: அதான் மேடம் நானும் தொண்டை கிழியச் சொல்றேன்! எல்லாம் இந்தக் கவுன்சில்...

வால்மே: கவுன்சில் கிடக்கட்டும். உன் கடை வாசல்ல ஒரு பச்சை யூட் நிக்குதே, யாரோடது?

டூகல்: பச்சையா... இங்கேர்ந்து பாத்தா நீலமாத் தெரியுது மேடம்.

வால்மே: போன வாரம் வந்தப்பவும் அதேதான் நின்னுச்சு.

டூகல்: போன வாரம் வந்தீங்களா?

வால்மே: வந்தேன், சுத்தினேன், போயிட்டேன்.

டூகல்: எவனோ பொறுப்பில்லாத பய மேடம்.

லீத்: எருமைத் தோலு.

வால்மே: யாருப்பா அது பக்கத்துல?

டூகல்: ரேடியோ மேடம்.

வால்மே: பின்கண்ணாடியில “உள்ளூர்க் கடையிலேயே வாங்குவோம்”னு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கான்.

டூகல்: அப்ப... அடிப்படையில நல்லவனாத்தான் இருப்பான். மேடம், ஒரே ஒரு சுத்து. பெட்ரோல் பங்க் வளைவுல திரும்பி வாங்க. அதுக்குள்ள அவன் எடுத்துடுவான். என் மனசு சொல்லுது.

வால்மே: உன் மனசு சொன்னாச் சரி.

லீத்: போனை வெச்சுட்டாங்களா? ஓடு! நான் அந்த இடத்துல நின்னு மறிச்சுக்கிறேன்.

டூகல்: கடை?

லீத்: பூட்டிட்டு, “அஞ்சு நிமிசத்தில் வருகிறேன்” பலகையை மாட்டிடறேன். ஓடுய்யா!

—

டூகல்: லீத்! யூட்லேர்ந்து பேசறேன். நிறுத்திட்டாங்களா?

லீத்: ஜம்முனு நிறுத்திட்டாங்க.

டூகல்: அப்பாடா! என் வாசல்லதானே?

லீத்: என் வாசல்ல.

டூகல்: அங்க உன் வண்டில்ல நிக்குது?

லீத்: அது உன் வாசல்ல நிக்குது.

டூகல்: அடிப்பாவி!

லீத்: நோலீன் வந்துட்டா, டூகல். நீ எடுத்ததும் கையும் காலும் தானாப் போயிடுச்சு. பழக்க தோஷம்.

டூகல்: நான் எங்க போடுவேன்? தெரு பூரா அடைச்சுக் கிடக்கு! பேக்கரிக்காரன் வேன், மருந்துக்கடைக்காரி வண்டி, பந்தயம் கட்டுற கடைக்காரனோட ரெண்டு வண்டி... எல்லாம் நம்ம ஆளுங்க!

லீத்: ராத்திரி உனக்குக் கை தட்டப் போறவங்க.

டூகல்: வாயை மூடு. வால்மேயை என் கடைக்குள்ள உக்கார வை.

லீத்: அவங்க என் நாற்காலியில உக்காந்தாச்சு.

டூகல்: என்னது?

லீத்: முடிக்குச் சுருள் போட இன்னிக்கு வர்றேன்னு எப்பவோ சொல்லி வெச்சதுப்பா. வர்ற வாடிக்கைக்கு இடம் விடணும்ல? நீ பேச்சுல எழுதினதுதானே. நல்லா இருந்துச்சு, செஞ்சு பாத்தேன்.

டூகல்: அப்ப பழக்க தோஷம்னது...

வால்மே: டூகலா? போனை இப்படிக் குடும்மா. ஏம்ப்பா, கடை பூட்டியிருக்கு, எங்க இருக்க?

டூகல்: உள்ளதான் மேடம். ஸ்டோர் ரூம்ல பெட்டி அடுக்கிக்கிட்டு...

வால்மே: டிக் டிக்னு இண்டிகேட்டர் சத்தம் கேக்குதே.

டூகல்: பழைய கடிகாரம் மேடம்.

வால்மே: இப்ப ஜன்னலுக்கு வெளியே அந்தப் பச்சை யூட் ஊந்து போகுது. உள்ள இருக்கிறவன் உன்ன மாதிரியே வழுக்கை. கை அசைக்கிறேன், தலையைக் குனிஞ்சுக்கிறான்.

டூகல்: நீலம் மேடம்...

வால்மே: டூகல்.

டூகல்: ...சரி. என்னோடதுதான். பதினோரு வருசமா அங்கதான் நிக்குது. போதுமா? மேடம், தயவு பண்ணி போயிடாதீங்க. எங்கயாவது போட்டுட்டு ஓடி வந்துடறேன். ஷூவெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்.

வால்மே: மெதுவா வாப்பா. தலை காயணும்ல.

—

டூகல்: லீத்... போட்டுட்டேன்.

லீத்: எங்க?

டூகல்: ...மாலுக்கு அடியில.

லீத்: தலைவரே!

டூகல்: கத்தாத. இங்க ஒரு மெஷின் வண்டி நம்பர் கேக்குது. என் நம்பர் என்ன?

லீத்: உன் வண்டி நம்பர் உனக்குத் தெரியாதா?

டூகல்: இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்ல.

லீத்: என் ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கிற சனியன், எனக்கு மனப்பாடம். சொல்றேன், அமுக்கு.

டூகல்: அமுக்கிட்டேன்... கார்டைக் காட்டச் சொல்லுது... போச்சு, எட்டு டாலரை முழுங்கிடுச்சு. அடேயப்பா லீத், இங்க எவ்வளவு இடம் காலியாக் கிடக்கு தெரியுமா?

லீத்: எங்களுக்கெல்லாம் தெரியும்.

டூகல்: நம்ம தெருவுக்கு நடந்தா நாலு நிமிசம்கூட ஆகாது போல. சரி, வால்மேகிட்ட சொல்லு, இதோ கிளம்பிட்டேன்...

வால்மே: டூகல், இரு, இரு. கிளம்பாத. மாலுக்கு அடியிலயா இருக்க?

டூகல்: ஆமா மேடம். ஏன்?

வால்மே: நல்லதாப் போச்சு. லிஃப்ட்ல மேல ஏறினா எதுத்தாப்புல ஒரு ஷூ கடை இருக்கும். போன வாரம் உன் யூட் நகரல, நான் அங்க போயிட்டேன். கிளப்புக்கு அத்தனை ஜோடியும் வாங்கிக் காசும் கட்டியாச்சு. அதை உன் மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான் மரியாதைன்னு இன்னிக்கு வந்தேன். என் சின்னக் கார்ல அவ்வளவு பெட்டி புடிக்கல, அங்கயே வெச்சிருக்காங்க. உன் யூட்ல தொட்டி காலியாத்தானே இருக்கு? என் பேரைச் சொல்லி ஏத்திக்கிட்டு வந்துடுப்பா. கிளப்புல நிறுத்தறதுக்கு எக்கச்சக்க இடம்.