வைக்கட்டா என்று கேட்டவன்

"கேஸு! கேஸு! வெளிய ஓடு!"

கேஸ் கசிகிறது என்று யாரோ கத்துகிறார்கள். ஓடுகிறேன். கையில் சோற்றுக் கரண்டி. காலில் செருப்பில்லை. பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பிறகு தகரங்கள் விழும் சத்தம். அது நிற்கவே இல்லை. ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி. நான் கேன்டீனில். என் வீட்டுக்காரர் பாபு, மெஷினில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில். செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரம். நான் கேட்டைத் தாண்டிவிட்டேன். அவர் வரவில்லை. கூட வேலை செய்யும் அந்தோணிதான் அவரை இழுத்து வந்தான்.

"வழி வுடு! வழி வுடு!"

பாபுவின் இரண்டு கையும் வெந்திருந்தன.

இப்போது படப்பையில் எங்கள் வீடு. வலது கையை எடுத்துவிட்டார்கள். இடது கை கட்டுக்குள். நான் ஊட்டுகிறேன். குளிப்பாட்டுகிறேன். கழுவிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி நின்றாலும் போர்வையை விலக்கி மருந்து தடவுகிறேன். பெண்டாட்டியிடம் என்ன வெட்கம்? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

ஷிப்ட் முடிந்து அந்தோணி வருவான். வந்தால் சிரிப்பு. என்னிடம் நாலு வாயோடு நிறுத்துகிறவர் அவனிடம் தட்டைக் காலி செய்வார். எனக்கு வயிறு எரிந்தது. சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம். இவன் மீசை வைத்த ஆம்பளை.

அடுப்படியிலிருந்து கவனித்தேன். பிரஸ் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் நிற்பவனைக் கேட்காமல் அடுத்தவன் கை வைக்க மாட்டான். "வைக்கட்டா?" என்பான். "வை" என்று பதில் வந்த பிறகுதான் தொடுவான். அந்தோணி சோற்றை உருட்டிக்கொண்டு அதையே கேட்டான். லுங்கியைத் தொடுமுன்னும் கேட்டான். தடியன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"நாளையிலேர்ந்து நீ வராத அந்தோணி. நான் பாத்துக்கிறேன்."

போய்விட்டான். மறுநாள் பாபு சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாடையைப் பிடித்துத் திணித்தேன். துப்பினார். கத்தினார்.

"கைதான்டி போச்சு! வாயி கீதுல்ல? கேளு!"

தரையைத் துடைத்தேன். அழுதேன். மறுபடி பிசைந்து எடுத்து வந்தேன்.

"வைக்கட்டா?"

"வேணாம்."

கையை இறக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போனது.

"ம். வை."

அந்தோணிக்கு நானே போன் செய்தேன். இன்றும் வருகிறான். இன்றும் எனக்கு எரிகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பறிபோனதைச் சொல்கிறேன். ஒரு ஷெட். பாபுவின் வலது கை, இடது கையில் மூன்று விரல். அவர் உடம்பு என் சொத்து என்ற என் நினைப்பு. ஓர் உயிர். மண்ணூர்க்காரர், வெல்டர். அந்த வெல்டரின் மனைவியை ஷேர் ஆட்டோவில் பார்த்தேன். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீ ஊட்டறதுக்காச்சும் உனக்கு ஆளு கீது" என்றாள்.