அவள் துளைத்தெடுத்த பனி

குளிர் அறைக்குள் போவதென்றால் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ள வேண்டும், ஐயா. குளிர் முதலில் காலைத்தான் பிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். என் மகளுக்கும் சொன்னேன். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனுக்கும் சொன்னேன்.

துருவத்திலிருந்து வரும் பனித்தண்டுகளைப் பாதுகாப்பது என் வேலை. முன்கைப் பருமனில் உருளை உருளையாக வரும். ஒவ்வோர் ஆண்டும் விழுந்த பனி அதில் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும். எங்கோ ஓர் எரிமலை வெடித்தால் அதன் சாம்பலும் அமிலமும் அந்த ஆண்டு அடுக்கில் படிந்துவிடும். வெட்டி உருக்கிச் சோதித்தால், அது எப்போது வெடித்தது, எத்தனை கோடைகள் வெயிலில்லாமல் போயின என்றெல்லாம் தெரியும். என் மகள் அதைத்தான் படித்தாள்.

கடைசியாகத் துருவ முகாமிலிருந்து பேசியபோது சந்தோஷத்தில் அவள் குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. "அம்மா, சாம்பல் கோடு ஒண்ணு கிடைச்சிருக்கு. யார் கணக்குலயும் இல்லாத எரிமலை. வந்து காட்டுறேன்."

பனித்தண்டு வந்தது. அவளோடு முகாமுக்குப் போயிருந்த அவனும் வந்தான். அவள் வரவில்லை. திரும்பும் வழியில், பனிப்பாளத்தில் இருந்த ஆழமான பிளவின் மேல் மூடியிருந்த பனியை முன்னால் கடந்தவன் அவன். அவனைத் தாங்கிய பனி பின்னால் வந்தவளைத் தாங்கவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். நான்தான் அவனுக்குச் சோறு போட்டுத் தேற்றினேன். பிள்ளை மாதிரிதான் நடத்தினேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு அந்தத் தண்டை வெட்ட வேண்டும் என்றான். "உருக்கினாத்தாம்மா அவ சொன்னது நிஜம்னு நிரூபிக்க முடியும். அவ பேர்லதான் வெளிவரும்."

அவள் கை கடைசியாகத் தொட்ட பொருள் அது. உருக்கினால் என்ன மிஞ்சும்? கொஞ்சம் தண்ணீர். எந்தத் தாய் சம்மதிப்பாள்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் வந்து வெட்டிக்கொள் என்றேன். விடுமுறை நாளில் வந்தான். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. சின்ன வேலைதானே என்று கனத்த அங்கியை வெளியிலேயே கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். மாட்டிக்கொண்டவர்கள் தள்ளித் திறக்க உள்பக்கம் ஒரு பிடி உண்டு. திருகு தளர்ந்ததால் அதைக் கழற்றி வைத்திருந்தேன் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். தளரவில்லை. முந்தின நாளே கழற்றினேன். அபாய மணியின் கம்பியைத் துண்டித்ததும் நான்தான்.

முதலில் சாதாரணமாகத் தட்டினான். கதவு இறுகிக்கொண்டது என்று நினைத்திருப்பான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கத்தவில்லை. கதவோடு வாயை வைத்துப் பேசினான்.

"அம்மா, முழுசா உருக்கப் போறதில்ல. நீளவாக்குல வெட்டி, பாதியை உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். அந்தக் கோடு அதுலயும் தெரியுது. திறந்து பாருங்க."

பாதியை எப்போதும் எடுத்து வைப்பார்கள், ஐயா. அந்தப் பாதிகளை அடுக்கிக் காப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. பனிக்காகச் செய்தேன் என்று காலையிலிருந்து உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாழ்ப்பாள்மேல் கை வைத்தேன். திறந்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். மறுபடியும் அவன் மட்டும்.

கையை எடுத்துவிட்டேன்.